ஜக்கார் என்னும் நெசவாளர்

கணிப்பொறியின் திரையில் ஓர் ஓவியத்தைக் காண்போர், அஃது எண்ணிறந்த சிறு புள்ளிகளின் தொகுதி என்பதையும், ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளால் யந்திரத்துள் பதிந்துள்ளது என்பதையும் அறிவர். இம்முறை மின்சாரத்தோடு பிறந்ததெனப் பலரும் எண்ணுவர். ஆயின், மின்விளக்கு வீடுகளில் ஒளிர்வதற்கு நெடுநாள் முன்னரே இதனையொத்ததொரு முறை பட்டுத்தறியின்மேல் தொழிற்பட்டு வந்தது. அத்தறிக்குத் தம் பெயரை ஈந்தவர் ஜோசப் மாரி ஜக்கார். நம் காஞ்சிமாநகரத்துப் பட்டுச்சேலையின் கரையில் அன்னமும் மயிலும் எழச்செய்யும் ஜக்கார்டுப் பெட்டியும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிரெஞ்சு தேசத்தின் பட்டுத்தொழிற் பேரூராகிய லியோன் நகரில் 1752-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் ஜக்கார் பிறந்தார். தந்தையார் நெசவுத்தொழிலில் தலைவர். தாயார் சித்திர மாதிரிகளைப் பார்த்துத் தறிக்கேற்ப வகுத்துக்கொடுக்கும் தொழில் புரிந்தவர். அக்காலத்துப் பூவேலைத் தறியில் நெய்வோன் ஒருவனால் மட்டும் வேலை நடவாது. ஒவ்வோர் ஊடைக்கும் எந்தெந்தப் பாவிழைகள் மேலெழ வேண்டுமோ, அவற்றிற் கட்டிய கயிறுகளை இழுத்துக்கொடுக்கத் துணையாள் ஒருவர் வேண்டும். சிறுவர்களும் பெண்களுமே பெரும்பாலும் இவ்வேலைக்கு அமர்த்தப்பட்டனர். நாள்முழுதும் பளுவான கயிறுகளை இழுத்து உடல் நலிந்தோர் பலர். ஜக்காரும் இளமையிற் சிலகாலம் இவ்வேலையில் வருந்தினார் என்பர். பதின்மூன்று வயதுவரை எழுத்தறியாதிருந்த அவருக்கு, உடன்பிறந்தாளின் கணவராகிய நூல் வணிகரே எழுத்தறிவித்தார்.

1772-இல் தந்தையார் காலமாக, வீடும் தறிகளும் அவர் கைக்கு வந்தன. 1778-இல் மணம் புரிந்தார். ஆயினும் கடன் சூழ்ந்தது. பெற்ற பொருளிற் பெரும்பகுதி நீங்கிற்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், லியோன் நகரம் முற்றுகைக்குள்ளாயிற்று. தந்தையும் மகனுமாக நகரைக் காக்க நின்றனர். பின்னர்ப் படையிற் சேர்ந்த அம்மகன் போரில் உயிர் துறந்தான். ஒரே மைந்தனை இழந்து ஊர் திரும்பிய ஜக்கார், ஐம்பது வயதை அணுகும் காலத்தே புதிய தறி சமைக்கும் முயற்சியில் முழுமனத்தோடு இறங்கினார். 1801-இல் பாரிஸ் நகரத்துப் பொருட்காட்சியில் அவர்தம் தறி வெண்கலப் பதக்கம் பெற்றது. பின்பு பாரிஸில் உள்ள கலைத்தொழிற் காட்சிசாலைக்கு அழைக்கப்பெற்று, வோகான்சோன் என்னும் அறிஞர் முன்னர்ச் சமைத்திருந்த தறியை ஆங்கு ஆராய்ந்தார். 1804-இல் அவர்தம் பெயர்பெற்ற தறி உருவாயிற்று.

அதன் இயல்பு வருமாறு. முதலிற் சித்திரத்தைக் கட்டமிட்ட தாளில் வரைவர். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை மேலிருப்பதையோ கீழிருப்பதையோ குறிக்கும். அதற்கேற்பக் கெட்டியான அட்டைகளில் துளையிட்டு, அவற்றை வரிசையாகக் கோத்துத் தறியின்மேல் ஓடவிடுவர். ஓர் அட்டை ஓர் ஊடைக்கு உரியது. அட்டை வந்து ஊசிகளின்மேல் அழுந்தும்போது, துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு இணைந்த கொக்கி தன் நிலையில் நின்று பாவிழையை உயர்த்தும். துளையில்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி விலகும், இழை எழாது. துளை உண்டு, துளை இல்லை என்னும் இவ்விரண்டே சொற்களால் ரோஜா மலரையும் பறவையையும் பட்டில் எழுப்பலாயிற்று. அட்டைகளை மாற்றினால் அதே தறி வேறு சித்திரம் நெய்யும்.

இஃது ஒருவர் அறிவில் மட்டும் விளைந்ததன்று. 1725-இல் பூஷோன் என்பவர் துளையிட்ட தாட்சுருளையும், 1728-இல் பால்கோன் என்பவர் கோத்த அட்டைகளையும் லியோனிலேயே கையாண்டனர். 1815-இல் பிரெதோன் என்பவர் செய்த திருத்தத்திற்குப் பின்னரே ஜக்காரின் தறி பிழையின்றி ஓடலாயிற்று. பிறர் தொடங்கியவற்றை ஒன்றுசேர்த்து, தொழிற்சாலைக்குப் பயன்படுமாறு செய்ததே ஜக்காரின் பெருமை.

1805-இல் நெப்போலியன் சக்கரவர்த்தி லியோனுக்கு வந்து அத்தறியைக் கண்டார். அதன் உரிமை நகரத்துக்கு ஆக்கப்பட்டது; ஜக்காருக்கு ஆயுள்வரை ஆண்டொன்றுக்கு 3,000 பிராங்கு உதவித்தொகை விதிக்கப்பட்டது. 1812-க்குள் பிரெஞ்சு தேசத்தில் ஏறத்தாழ 11,000 தறிகள் ஓடின.

நிற்க. நெசவாளர் பலர் இத்தறியைக் கண்டு அஞ்சினர். நடுத்தெருவில் அதனை உடைத்து எரித்தனர் என்றும், ஜக்காரின் உயிருக்கே இடர் நேர்ந்தது என்றும் கூறுவர். அவ்வச்சம் பொய்யெனத் தள்ளத்தக்கதன்று. கயிறிழுத்தோரின் துன்பம் ஒழிந்தது. அத்துடன் அவர்தம் கூலியும் ஒழிந்தது. 1831-இலும் 1834-இலும் லியோன் நெசவாளர் பெருங்கலகம் விளைத்தபோது, அவர்கள் வேண்டியவை நியாயமான கூலியும் சங்கமாகக் கூடும் உரிமையுமே. யந்திரத்தால் வரும் ஊதியத்தில் உழைப்போனுக்குப் பங்கெவ்வளவு என்பதே அப்போது வழக்காயிற்று.

1834-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், லியோனுக்கு அணித்தாகிய ஊல்லன் என்னும் ஊரில் ஜக்கார் காலமானார். ஐந்தாண்டு கழித்து, 1839-இல், பொன்போன் என்னும் ஓவியர் தீட்டிய அவர்தம் உருவத்தை, கார்க்கியா என்னும் நெசவாளர் அத்தறியிலேயே பட்டில் நெய்தார். அவ்வோர் உருவத்துக்கு 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. கண்டோர் அதனைச் செதுக்கி அச்சிட்ட படமென மயங்கினர். இலண்டனிற் பாபேஜ் என்னும் கணித மேதை அப்படம் ஒன்றைத் தம் இல்லத்தில் வைத்து விருந்தினர்க்குக் காட்டி மகிழ்ந்தார். அவர் எண்ணிய கணித யந்திரத்துக்கும் துளையட்டைகளையே தெரிந்துகொண்டார். 1890-இல் அமெரிக்க நாட்டின் குடிமதிப்பைக் கணக்கிட ஹாலரித் என்பவர் அட்டைகளையே ஆண்டார். கணிப்பொறிகள் தோன்றிய பின்னும் நெடுங்காலம் அவற்றுக்குக் கட்டளை அட்டை வழியே சென்றது.

அப்பட்டுப் படத்தை எண்ணுந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு கருத்து எழுகின்றது. 24,000 அட்டைகளிலும் துளை எங்கே வேண்டும், எங்கே வேண்டா என முடிவுசெய்தது மனிதர் கண்ணும் கையுமே. ஓவியர் பெயரும் நெய்தவர் பெயரும் நமக்குக் கிடைத்துள. துளையிட்டோர் பெயரை நாம் அறியோம். இன்று சொல்லைக் கேட்ட அளவில் சித்திரம் தீட்டித் தரும் யந்திரங்கள் வந்துள்ளன. அவையும் முன்னோர் பலர் வரைந்த படங்களிலிருந்தே பயின்றவை. அவற்றை வியப்பதோடு நில்லாமல், அவற்றுள் யார் உழைப்பு மறைந்துள்ளது, யார் உணவு குறைந்தது என வினவுதலும் கற்றோர் கடமையாம். இறைவன் அருளிய தாலந்து ஜக்காரிடம் மட்டும் இருந்ததில்லை. கயிறிழுத்த சிறுவரிடத்தும் இருந்தது. அவர்களைத் தறியடியினின்று விடுவித்தது யந்திரத்தின் நன்மை; விடுபட்டோர்க்கு வேறு வழி காட்டுதல் யந்திரத்தால் ஆவதன்று, நம்மால் ஆவது.