பேலூரில் கோயில் சமைத்த துறவி

நமது சங்கத்துக்கெனச் சொந்தக் கட்டிடம் ஒன்று எழுப்புதல் வேண்டும் என்னும் பேச்சு கூட்டந்தோறும் எழுகின்றது. கோபுரம் இல்லாத கட்டிடம் இந்துக்களுடையதென்று எவ்வாறு தெரியும் என்பர் பெரியோர். வாசகசாலையும் இரவு வகுப்புக்கு இடமும் போதாவோ, கோபுரம் எதற்கு என்பர் எம்மை ஒத்த இளைஞர். இரு திறத்தாரும் தத்தம் கட்சியில் உறுதியாக நிற்கவே, தேநீர் அருந்திக் கலைந்துவிடுகின்றோம். இப்பேச்சைக் கேட்குந்தோறும் நம் நினைவுக்கு வருபவர் ஒருவர். தம் சங்கத்தின் கொள்கை இன்னதென்று கட்டிடத்தைப் பார்த்தவுடனே விளங்கவேண்டும் என்ற கட்டளையைத் தலைமேற்கொண்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதைச் சுமந்து திரிந்தவர். அவரே ஸ்ரீமத் சுவாமி விஞ்ஞானானந்தர்.

துறவு பூணுமுன் அவர் பெயர் ஹரிபிரசன்ன சட்டோபாத்தியாயர். 1868 ஒக்டோபர் 30ஆந் தேதி வடநாட்டில் எட்டாவா என்னும் ஊர்ப்பக்கத்திற் பிறந்தவர். குடும்பம் வங்காளத்துப் பெல்கரியாவைச் சேர்ந்தது; அது தட்சிணேசுவரத்துக்கு அருகில் உள்ளது. கல்கத்தாவில் யேசுசபைக் குருமார் நடாத்திய சேவியர் கல்லூரியிற் பயின்ற காலத்திலேயே அவர் ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சரைத் தரிசிக்கச் சென்றார். பாதிரிமார் கல்லூரியிற் படித்தால் பிள்ளை சமயத்தை விட்டுவிடுவான் என்று அஞ்சும் தாய் தந்தையர் இதனைக் கவனிப்பாராக. நாமும் அத்தகைய பள்ளியிற் படித்தவர்களே; வீட்டில் அந்த அச்சத்தைக் கண்டவர்களே.

ஹரிபிரசன்னர் நல்ல தேகபலம் வாய்ந்தவர். பரமஹம்சர் ஒருநாள் அவரை மற்போருக்கு அழைத்தார் என்றும், இளைஞர் அவரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளியும் வென்றவராகத் தம்மை உணரவில்லை என்றும், ஏதோவொரு சக்தி தம் உடலுட் புகுந்தாற்போல் இருந்ததென்றும் சொல்லுவர்.

பரமஹம்சர் 1886இல் மறைந்தபோது அவர் பாட்னாப் பக்கத்து மாணவர். பின்னர் பூனாவிற் பொறியியல் கற்று, அரசாங்கச் சேவையிற் சேர்ந்து, மாவட்ட எஞ்சினியர் ஆனார். உடன் பழகியோர் துறவிகளாகி வராகநகரத்துப் பாழ்வீட்டிற் பட்டினியோடு தவஞ்செய்ய, இவர் பாலமும் வீதியும் அமைத்துக்கொண்டிருந்தார். தாயாரின் வாழ்வுக்கு வேண்டிய பணத்தைச் சேர்த்து வைத்த பின்னரே, 1896இல் உத்தியோகத்தைத் துறந்து ஆலம்பசார் மடத்தை அடைந்தார். கடமையைக் கணக்குப் பார்த்து முடித்துவிட்டுப் புறப்பட்ட இந்தத் துறவு நமக்கு மிகவும் பிடிக்கின்றது.

அடுத்த ஆண்டு சனவரியில் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிக் கொழும்பில் இறங்கினார். கண்டிக்கும் மாத்தளைக்கும் வந்தவர், அநுராதபுரம், யாழ்ப்பாணம் வழியாகத் தாய்நாடு சேர்ந்தார். நமது ஹட்டன் பக்கம் அவர் வழியில் அமையாதது நம் குறைவே. அவ்வாண்டு மே மாதம் முதலாந் தேதி ராமகிருஷ்ண மிஷன் தோன்றியது. சங்கம் பிறந்துவிட்டது, அதற்குச் சொந்த வீடில்லை. 1898இல் கங்கையின் மேற்குக் கரையில், கல்கத்தாவுக்கு அப்பால், பேலூரில் நிலம் வாங்கப்பட்டது. பொருளுதவியிற் பெரும்பங்கு முல்லர் என்னும் ஆங்கில அம்மையாருடையது. படகு பழுதுபார்க்கும் துறையாய்க் கிடந்த மேடுபள்ளமான நிலம் அது. அதனைச் சமன்செய்து, பழைய வீட்டைத் திருத்தி, சிறு வழிபாட்டிடம் ஒன்றும் எழுப்பும் வேலை எஞ்சினியர்த் துறவியிடம் வந்தது. 1898 டிசம்பர் 9ஆந் தேதி, பரமஹம்சரின் அஸ்திக் கலசத்தை விவேகானந்தர் தம் தோளிற் சுமந்துவந்து அந்நிலத்தில் வைத்துப் பூசித்தார்.

ஆற்றங்கரையில் அணைச்சுவரும் படித்துறையும் கட்டிய கதை ஒன்றுண்டு. செலவை உள்ளபடி சொன்னால் விவேகானந்தர் சம்மதியார் என்று அஞ்சி, விஞ்ஞானானந்தர் மதிப்பீட்டைக் குறைத்துச் சொல்லிவிட்டார். வேலை நடக்க நடக்கச் செலவு ஏறியது. பணப்பொறுப்பு சுவாமி பிரமானந்தரிடம். விவேகானந்தரின் கடுஞ்சொற்களை அவரே தாங்கினார். தவறு யாருடையது என்று வாய் திறக்கவில்லை. கோபம் தணிந்ததும் விவேகானந்தர் தாமே அவரைத் தேடிச் சென்று கண்ணீர் விட்டார். இக்கதையைப் பிற்காலத்திற் சொன்னவர் விஞ்ஞானானந்தரே. கட்டிட நிதிக்குழு அமைக்கவிருக்கும் நம்மவர்கள் மதிப்பீடு எழுதும் இரவில் இதனை நினைத்துக்கொள்வார்களாக.

படித்துறை முடிந்தது, சிறு வழிபாட்டிடமும் இருந்தது. ஆயினும் விவேகானந்தரின் எண்ணத்திற் பெருங்கோயில் ஒன்று நின்றது. பல நாடுகளிற் கட்டிடங்களைக் கூர்ந்து பார்த்தவர் அவர். எல்லாச் சமயங்களும் ஒரே உண்மைக்கு வழிகள் என்று வாழ்ந்து காட்டியவரின் கோயில் ஒரே நாட்டுச் சிற்பமுறையில் அடங்கலாகாது என்பது அவர் கருத்து. அதனை விளக்கி விஞ்ஞானானந்தரைப் படம் வரையப் பணித்தார். படம் வரையப்பட்டது; பணம் இல்லை. 1902 சூலை 4ஆந் தேதி, நாற்பது வயதும் நிரம்பாமல், விவேகானந்தர் மறைந்தார்.

படம் வரைந்தவர் அலகாபாத்துக்குச் சென்று, அங்கே மடம் ஒன்றை நிறுவிப் பல்லாண்டு தனித்து வாழ்ந்தார். சோதிட நூலான சூரிய சித்தாந்தத்தை வங்காளத்தில் மொழிபெயர்த்தார். நீர் விநியோகம் பற்றி அம்மொழியில் நூலும் எழுதினார். துறவியின் கைப்பட நீர்க்குழாய் நூல் என்று எம் நண்பர் ஒருவர் நகைத்தார். குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கும் லயத்துப் பெண்கள் நகைக்கமாட்டார்கள்.

1929இல் சுவாமி சிவானந்தர் கோயிலுக்கு அத்திவாரக் கல் நாட்டினார். வேலை உடனே நடைபெறவில்லை. பின்னர் அமெரிக்க அன்பர்களான ரூபெல் அம்மையாரும் வூஸ்டர் அம்மையாரும் பெருந்தொகை அளிக்க, 1935 சூலை 16ஆந் தேதி, குரு பூர்ணிமையன்று, விஞ்ஞானானந்தர் தாமே மீண்டும் கல் நாட்டினார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. கட்டும் வேலை கல்கத்தா மார்ட்டின் கம்பெனியாரிடம் விடப்பட்டது.

இனி அக்கோயிலைச் சற்றுப் பார்ப்போம். வாயிலின் மேல் எழுவது நம் தென்னாட்டுக் கோபுரத்தின் சாயல்; அதன் இரு பக்கத்துத் தூண்களும் பௌத்த முறையின. சாளரங்கள் இராசபுத்திர, மொகலாய மாடங்களை ஒத்தன. மேலே குடை கவிழ்த்தாற்போன்ற சிகரங்கள் பரமஹம்சர் பிறந்த காமார்புகூர்க் குடிசைகளின் கூரை வளைவை நினைவூட்டும். உள்ளே நெடுந்தூண்கள் கிரேக்கப் பாணி. அவற்றின் அணிவேலையோ மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வழிவந்தது. உயரம் 112½ அடி. நிலப்படத்தை விரித்தால் தெரிவது சிலுவை வடிவம்.

இவ்வாறு பலவற்றைக் கூட்டியது கதம்பமே என்பாரும் உளர். படத்திற் கண்டபோது நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆனால் சிலுவை வடிவம் வெறும் அடையாளமன்று. வங்காளத்துக் கோயில்களிற் கருவறை ஓரிடத்திலும், அடியார் கூடும் நாட்டிய மண்டபம் வேறிடத்திலும் இருத்தல் வழக்கம். பேலூரில் அவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் இணைக்கப்பட்டன. பள்ளிக்காலத்தில் காலைச் செபத்துக்குத் தேவாலயத்தில் நீண்ட வரிசைகளாக அமர்ந்து, கடைசி வரிசையிலிருந்தும் பீடத்தைக் கண்ட நமக்கு இதன் பயன் உடனே விளங்கியது. தோட்டத்து மாரியம்மன் கோயிலிலோ, பூசாரியும் அம்மனும் தகரக் கூரைக்குள், மற்றையோர் வெளியே. திருவிழாவன்று மழை பிடித்துக்கொண்டால், குடை வைத்திருப்பவர் முதுகைத் தவிர வேறெதையும் பின்னால் நிற்பவர் காண்பதில்லை. பேலூரில் எச்சாதியாரும் எச்சமயத்தாரும் உள்ளே சென்று, நனையாமல் அமர்ந்து, கருவறையை நேரே நோக்கலாம். மிஷனின் கொள்கை கோபுரத்திலும் உண்டு. அதைவிட அதிகமாக அந்தத் தரையில் உண்டு என்பது நம் எண்ணம். ஆகவே, கோபுரமா வாசகசாலையா என்று வழக்காடும் நாம், யார் எங்கே அமர்வது என்று இதுவரை ஒருமுறையேனும் கேட்டதில்லை.

1937இல் விஞ்ஞானானந்தர் மடத்தின் தலைவரானார். உடல் தளர்ந்திருந்தது. 1938 சனவரி 14ஆந் தேதி, மகர சங்கராந்தி நாளில், நாம் பொங்கல் என்று கொண்டாடும் அந்நாளில், அஸ்திக் கலசத்தைப் பழைய வழிபாட்டிடத்திலிருந்து கொண்டுசென்று புதிய கோயிலிற் பிரதிட்டை செய்தார். விவேகானந்தர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தாம் உணர்ந்ததாக அருகிருந்தோரிடம் சொன்னார். ஒப்படைத்த வேலை முடிந்துவிட்டது என்றும், இனித் தம் தலைப்பாரம் இறங்கியது என்றும் கருதினார் போலும்.

அலகாபாத்துக்குத் திரும்பியவர், கோயில் திறந்த நூற்றோராம் நாள், ஏப்ரல் 25ஆந் தேதி, அங்கேயே உடலை நீத்தார். வால்மீகி ராமாயணத்தை ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டிருந்தார்; அது முடியவில்லை.