எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 8, 1948) சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் பணியாற்றிய இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். இவருடைய ஆய்வுக்குழு செயற்கையாகத் தயாரித்த ஃபோலிக் அமிலம் கருவில் வளரும் குழந்தைக்கு இன்றியமையாதது. அதே குழுவின் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகள் அக்குழந்தைக்குக் கடுந்தீங்கு விளைவிப்பவை. தாய் உட்கொள்ளும் மருந்து கருவைப் பாதிக்கும் என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொண்டதில் இம்மருந்துகளுக்கு முக்கிய இடமுண்டு.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறினார். மாநிலக் கல்லூரியில் பயின்றபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இவருடைய உடன்பிறந்தோர் இருவர் 'ஸ்புரூ' எனப்படும் குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். உணவிலுள்ள சத்துக்களைக் குடல் உறிஞ்ச இயலாமற்போவதே இந்நோய். இதில் ஃபோலிக் அமிலக் குறைபாடும் ஏற்படுகிறது.

காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். இதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தபின், 1922இல் பாஸ்டன் நகரை அடைந்தார். அதன்பின் இவர் தாயகம் திரும்பவில்லை.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, இரத்தம், சிறுநீர் ஆகியவற்றிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். நிரந்தரப் பணி கிடைக்காததால் 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

ஃபோலிக் அமிலம்

1928 முதல் பம்பாயிலும், பின்னர் குன்னூரிலும் சென்னையிலும் கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஈஸ்ட் சாற்றால் அது குணமாவதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துப்பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. சுப்பாராவின் குழு 1945இல் இதனைச் செயற்கையாகத் தயாரித்தது.

உயிரணுக்கள் பெருகும்போது மரபணுப் பொருளை உருவாக்க இச்சத்து தேவை. கருவின் உயிரணுக்கள் மிக விரைவாகப் பெருகுவதால் அதற்கு இத்தேவை அதிகம். மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக் குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களில் மூடிவிடுகிறது. அது சரியாக மூடாவிடில் முதுகெலும்புப் பிளவு போன்ற குறைபாடுகள் உண்டாகின்றன. இக்குறைபாடுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மாருக்குக் கருத்தரிப்பின் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் தந்தால், அது மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறையும் என 1991இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறியுமுன்பே நரம்புக் குழாய் மூடிவிடும். எனவே ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்குமாறு அறிவுறுத்தப்படுகிறது.

எதிர்மருந்துகளும் கருவும்

ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுத்தால் புற்றணுக்களின் பெருக்கமும் தடைப்படும் என்பது அடுத்த கட்ட ஆய்வுக்கு அடிப்படையாயிற்று. இவ்வகையில் உருவான அமினோப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்குத் தற்காலிக முன்னேற்றம் ஏற்பட்டதாக 1948இல் அறிவித்தார். மெத்தோட்ரெக்சேட் பின்னர் இதனிடத்தைப் பிடித்தது.

1950களின் தொடக்கத்தில், மருத்துவக் காரணங்களுக்காகக் கருவைக் கலைக்க அமினோப்டெரின் பயன்படுத்தப்பட்டது. கலையாமல் எஞ்சிய கருக்கள் சில ஊனத்துடன் வளர்ந்தன. மண்டையோட்டு எலும்புகள் முழுமையாக உருவாகாமை, சிறுத்த கீழ்த்தாடை, கைகால் குறைபாடு, வளர்ச்சிக் குறைவு ஆகியவை காணப்பட்டன. பிழைத்தவர்களுள் சிலர் இயல்பான அறிவு வளர்ச்சி பெற்றனர். சிலரிடம் வளர்ச்சித் தாமதம் தோன்றியது. மெத்தோட்ரெக்சேட்டும் இவ்வாறே பாதிப்பது பின்னர் அறியப்பட்டது. நஞ்சுக்கொடி கருவை மருந்துகளிடமிருந்து காத்துவிடும் என்ற எண்ணம் தவறென்பதை, 1961இல் தாலிடோமைடு மருந்தின் தீங்கு வெளிப்படுவதற்கு முன்பே இந்நிகழ்வுகள் காட்டின.

மூட்டுவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் உட்கொள்ளும் பெண்கள், கருத்தரிக்கத் திட்டமிட்டால் மருத்துவ ஆலோசனையுடன் அதனை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். கருப்பைக்கு வெளியே உருவாகித் தாயின் உயிருக்கு ஆபத்தாகும் கருவை நீக்கவும் இதே மருந்து பயன்படுகிறது.

பிற மருந்துகள்

இவர் தலைமையில் உருவான டைஎத்தில்கார்பமசின் யானைக்கால் நோய்க்கான மருந்தாகும். தமிழகம் உள்ளிட்ட இந்திய மாநிலங்களில் நோய்த்தடுப்புக்காக இது மக்களுக்கு மொத்தமாக வழங்கப்பட்டபோது, கருவுற்ற பெண்களுக்கும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தரப்படவில்லை. லெடர்லியில் பெஞ்சமின் டக்கர் கண்டறிந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவது. கருக்காலத்தின் பிற்பகுதியில் தாய் இவ்வகை மருந்துகளை உட்கொண்டால், குழந்தையின் பற்கள் நிறம் மாறக்கூடும்.

மறைவும் நினைவும்

சுப்பாராவ் 53ஆம் வயதில் காலமானார். தமது குழுவின் மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்ற செய்தி வெளிவருமுன்பே அவர் வாழ்வு முடிந்தது. ஒரு பூஞ்சைப் பேரினத்திற்குச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிடப்பட்டது. இந்திய அரசு 1995இல் அவரது நூற்றாண்டையொட்டி அஞ்சல்தலை வெளியிட்டது. இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்க்கப்பட்டுள்ளது.