கைமாற்றும் கடனே! ஹலரத் ஸுபைர் (ரலி) அவர்கள் காட்டிய வழி

சூலக்கரையில் ஒரு வீட்டிற்குத் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தோம். கணவரையும், சிறு வயது மகன் ஒருவனையும் மகள் ஒருத்தியையும் விட்டுவிட்டு அவ்வீட்டு அம்மையார் மௌத்தாகியிருந்தார். அவருடைய பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். ஃபாத்திஹா ஓதி முடித்து வாசலுக்கு வந்தபோது, அவருடைய தம்பி எம்மைத் தனியே அழைத்தார். சிவகாசியில் பட்டாசு எடுத்துத் தீபாவளிக்கு விற்பதற்காக அக்காவிடம் கைமாற்றாக ஒரு தொகை வாங்கியிருந்தாராம். சீட்டும் எழுதவில்லை, சாட்சியும் வைக்கவில்லை. அக்காவும் ஒருநாள்கூடத் திருப்பிக் கேட்டதில்லை. கொடுத்தவரே போய்விட்ட பிறகு அது கடன்தானா, இனி யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். அவர் ஏமாற்ற நினைப்பவரல்லர். அப்படி நினைப்பவர் எம்மிடம் கேட்டிருக்கவே மாட்டார்.

அவருக்கு நாம் ஒரு ஸஹாபியின் வரலாற்றைச் சொன்னோம். வாசகர்களுக்கும் அதையே சொல்கிறோம்.

ஹலரத் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் மாமி ஸஃபிய்யா (ரலி) அவர்களின் மகனார். இளம் பிராயத்திலேயே இஸ்லாத்தில் இணைந்து, அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர்கள். பத்ரு, உஹது, அகழ் எனப் பெருமானாரோடு எல்லாப் போர்களிலும் நின்றவர்கள். சுவர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி கூறப்பட்ட பதின்மரில் ஒருவர்கள். ஹலரத் உமர் (ரலி) அவர்கள் அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க நியமித்த அறுவரிலும் அவர்கள் இருந்தார்கள்.

இத்தகையவர்களின் இல்லறம் வறுமையில்தான் தொடங்கியது. ஹலரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களை மணந்தபோது, ஒரு குதிரையும் நீர் இறைக்கும் ஒட்டகமும் தவிர அவர்களிடம் வேறொன்றும் இல்லை. அஸ்மா நாயகியார் தொலைவிலுள்ள நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்து கால்நடைக்கு இடித்துப் போட்டார்கள். பின்னர் அல்லாஹ் விசாலமாக்கினான். ஆளுநர் பதவியோ வரி வசூலிக்கும் வேலையோ பாராமலே நிலமும் வீடுகளும் சேர்ந்தன.

அவர்களின் நாணயத்தை நம்பி மக்கள் தம் பணத்தை அமானிதமாகக் கொண்டு வந்தார்கள். அவர்களோ அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகவே வாங்கிக் கொள்வார்கள். ஏன் தெரியுமா? அமானிதப் பொருள் கவனக்குறைவு ஏதுமின்றித் தொலைந்து போனால், வைத்திருந்தவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. கடன் அப்படியல்ல. எது தொலைந்தாலும் வாங்கியவர் திருப்பித் தந்தே ஆகவேண்டும். கொடுத்தவரின் ஹக்கு அழிந்துவிடக் கூடாதே என்று பாரத்தைத் தம் தலைமேல் ஏற்றிக் கொண்டார்கள்.

ஹிஜ்ரி 36-ல் (கி.பி. 656) பஸராவையடுத்து ஜமல் யுத்தம் நடந்தது. அன்று தம் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, தமக்குள்ள பெரிய கவலை தம் கடனே என்றும், சொத்தை விற்று அடைக்கும்படியும், முடியாமற்போனால் தம் எஜமானனிடம் உதவி தேடும்படியும் வஸிய்யத்துச் செய்தார்கள். எஜமானன் யார் என்று மகனார் கேட்க, அல்லாஹ்தான் என்றார்கள். பின்னர் போர்க்களத்தை விட்டு விலகிச் சென்ற வழியில், ஸிபா என்ற பள்ளத்தாக்கில் கொல்லப்பட்டு ஷஹீதானார்கள்.

மகனார் கணக்குப் பார்த்தபோது கடன் 22 இலட்சம். கையில் ரொக்கம் ஒன்றுமில்லை. 1,70,000-க்கு வாங்கியிருந்த ‘அல்ஃகாபா’ நிலத்தை 16 இலட்சத்திற்கு மதிப்பிட்டு விற்றார்கள். நான்கு இலட்சம் கொடுத்திருந்த ஹலரத் அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்கள், விரும்பினால் தள்ளிவிடுகிறேன் என்றார்கள். மகனார் இணங்கவில்லை. தவணை தருவதாகச் சொல்லியும் ஏற்கவில்லை. அந்நிலத்திலேயே ஒரு பகுதியை அளந்து கொடுத்து அடைத்தார்கள்.

தெரிந்த கடன்கள் தீர்ந்ததும் வாரிசுகள் பாகம் கேட்டார்கள். மகனாரோ நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், ஸுபைரிடம் வரவேண்டிய கடன் உடையவர்கள் வந்து பெற்றுக் கொள்ளலாம் என்று அறிவித்து, அதன் பிறகே பாகம் பிரித்தார்கள்.

இந்த வரலாற்றில் மறைந்தவர் கடன் வாங்கியவர். சூலக்கரையில் மறைந்தவர் கடன் கொடுத்தவர். ஆயினும் சட்டத்தின் வேர் ஒன்றே. மௌத்து மனிதரைத்தான் கொண்டு போகிறது, ஹக்கைக் கொண்டு போவதில்லை. வாங்கியவர் மறைந்தால் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து கடன் தீர்க்கப்படும். கொடுத்தவர் மறைந்தால், வர வேண்டிய அக்கடனும் அவர் விட்டுச் சென்ற சொத்தில் சேர்ந்து வாரிசுகளுக்குரியதாகும்.

ஆகவே அத்தம்பியின் கைமாற்று 40,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அம்மையாரின் அடக்கச் செலவு, கடன், வஸிய்யத்து போக மிஞ்சுவதைத்தான் பங்கிட வேண்டும். அவ்வாறு கழிக்க ஏதுமில்லையானால், கணவருக்கு நாலில் ஒன்றாக 10,000, மகனுக்கு 20,000, மகளுக்கு 10,000. மகன் இருப்பதால் தம்பி வாரிசாக மாட்டார். கணவர் மனமுவந்து தம் 10,000-ஐத் தள்ளிவிடலாம். ஆனால் பருவமடையாத பிள்ளைகளின் 30,000-ஐத் தள்ளிவிட அத்தாவுக்கும் அதிகாரமில்லை. மாமன் கையில் இருப்பது தாயை இழந்த பிள்ளைகளின் சொத்து என்பது இப்போது புரிகிறதா?

அக்கா கேட்கவில்லையே என்றால், கேட்காமலிருப்பது தள்ளுபடியாகாது. வெட்கத்தாலும் பாசத்தாலும் கேளாதோர் எத்தனையோ பேர். உயிரோடிருக்கையில் தெளிவாகத் தள்ளிவிட்டிருந்தால் மட்டுமே கடன் நீங்கும். சீட்டில்லை என்பதும் காரணமாகாது. எழுதிக் கொள்ளும்படி திருமறையின் இரண்டாவது அத்தியாயம் கட்டளையிடுவது பிணக்கு வராமலிருக்கவே. எழுதாததால் கடன் இல்லாமல் போய்விடாது. கைமாற்றுக் கடனுக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அது நீதிமன்றத்தின் வாசலை அடைக்குமே தவிர, மறுமையின் வாசலை அடைக்காது.

இதைக் கேட்டதும் அந்தத் தம்பி, மச்சானை அழைத்து எம் முன்னிலையிலேயே தொகையைச் சொன்னார். மொத்தமாகத் தர முடியாது, ஒவ்வொரு சீசனிலும் தருகிறேன் என்றார். அதையும் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! அக்காவிடம் வாங்கியதானாலும், மாமனாரிடம் வாங்கியதானாலும் இன்றிரவே எழுதி வையுங்கள். கொடுத்தவருக்கும் சொல்லுங்கள், உங்கள் மனைவி மக்களுக்கும் சொல்லுங்கள். கடனோடு கபுறுக்குப் போகாமல் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.