ஜப்பானிய மொழித் தேர்வுக்கு இலக்கணம் படிக்கிறீங்களா? 200 வருஷத்துக்கு முன்னாடி சென்னையில் தமிழ்த் தேர்வு நடத்திய எல்லிஸின் கதை!

ஜூலை, டிசம்பர் என வருஷத்துக்கு ரெண்டு தடவை சென்னையில் ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு நடக்கிறது. என்5-ல் தொடங்கி என்1 வரை மொத்தம் ஐந்து நிலைகள். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் நிசான் கார்கள் கப்பல் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த வடசென்னைப் பசங்களுக்கு ஜப்பான் ஒன்றும் கதையில் வரும் தேசம் இல்லை. அங்கே வேலை வேண்டும் என்றால் இந்தத் தேர்வு பெரிய உதவி.

தேர்வுக்குப் படிப்பவர்கள் பயப்படுவது இலக்கண அமைப்புகளைப் பார்த்துத்தான். ஆனா தமிழ் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது. தமிழ் மாதிரியே ஜப்பானியத்திலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு போன்ற ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வரும். தபேதே மிரு என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. கைதே ஒகு என்றால் எழுதி வைப்பது. மிரு என்றால் பார், ஒகு என்றால் வை. நாம் எந்த இடத்தில் பார், வை என்று சேர்க்கிறோமோ, அதே இடத்தில் அவர்களும் சேர்க்கிறார்கள்.

இதே ஊரில் 200 வருஷத்துக்கு முன்னால் நிலைமை தலைகீழ். அப்போது தமிழ் இலக்கணத்தோடு மல்லுக்கட்டித் தேர்வு எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். ராயபுரத்தில் இருந்து துறைமுகத்தை ஒட்டியே தெற்கே வந்தால், இன்று தலைமைச் செயலகம் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை வரும். அந்தக் கோட்டையின் பெயரில் தொடங்கிய கல்லூரிதான் அந்தத் தேர்வை நடத்தியது. அதற்குப் பின்னால் இருந்த மூளை, பிரான்சிஸ் வைட் எல்லிஸ்.

யார் இந்த எல்லிஸ்?

1777-ல் பிறந்தவர். 1796-ல், சுமார் 19 வயதில், கிழக்கிந்திய கம்பெனியில் ரைட்டர் வேலைக்காக மெட்ராஸ் வந்தார். ரைட்டர் என்றால் எழுத்தாளர் இல்லை, கம்பெனியின் கடைநிலை அதிகாரி. அங்கிருந்து படிப்படியாக ஏறி 1802-ல் வருவாய் வாரியத்தின் செயலாளர், 1806-ல் மசூலிப்பட்டினத்தில் நீதிபதி, 1809-ல் நிலச் சுங்க கலெக்டர், 1810-ல் மெட்ராஸ் கலெக்டர் ஆனார்.

வேலைக்கு நடுவே தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் எல்லாம் படித்தார். தன் பெயரையே எல்லீசன் என்று தமிழாக்கிக்கொண்டார்.

எதுக்கு அந்தத் தேர்வு?

வரி வசூல், நீதிமன்றம், நில வழக்கு என எல்லாமே மக்கள் மொழியில்தான் நடந்தாக வேண்டும். இங்கிலாந்தில் இருந்து வந்திறங்கும் இளம் அதிகாரிக்கோ ஒரு வார்த்தை புரியாது. மொழிபெயர்ப்பாளர் சொல்வதுதான் வேதம். இந்தச் சிக்கலைத் தீர்க்க எல்லிஸ் இடம்பெற்ற குழு ஒரு திட்டம் கொடுத்தது. அதன்படி 1812-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது.

புதிதாக வரும் அதிகாரிகள் இங்கே தென்னிந்திய மொழிகளைப் படிக்க வேண்டும். வருஷத்துக்கு ரெண்டு தடவை தேர்வு. தேறினால் சம்பளம் கூடும். இன்றைய ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் பின்னால் இருக்கும் அதே கணக்குதான்.

பாடம் நடத்தியவர்கள் நம்ம ஊர்ப் புலவர்கள். தமிழுக்குச் சிதம்பர வாத்தியார், தெலுங்குக்கும் சமஸ்கிருதத்துக்கும் பட்டாபிராம சாஸ்திரி. கல்லூரி நிர்வாகத்தில் முத்துசாமிப் பிள்ளை. வீரமாமுனிவரின் நூல்களைத் தேடி இந்த முத்துசாமிப் பிள்ளையைத்தான் எல்லிஸ் தென்மாவட்டங்களுக்கு அனுப்பினார். பிறகு 1822-ல் வீரமாமுனிவரின் வாழ்க்கை வரலாற்றையும் அவரே எழுதினார்.

பாடப்புத்தகத்துக்காகக் கல்லூரிக்கு ஒரு அச்சகமும் வந்தது. வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தை பாபிங்டன் என்ற சிவில் அதிகாரி ஆங்கிலமாக்க, அது 1822-ல் அங்கே அச்சானது. பின்னாளில் டாக்டராகி, தொண்டைக்குள் பார்க்க உதவும் கண்ணாடிக் கருவியை உருவாக்கியதும் இதே பாபிங்டன்தான்.

பாடத்தில் இருந்து ஒரு கண்டுபிடிப்பு

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் ஒரே கூரையின் கீழ் பாடம் நடந்தால் என்ன ஆகும்? ஒற்றுமைகள் கண்ணில் படும். தமிழில் கண் என்பது தெலுங்கில் கன்னு, கன்னடத்தில் கண்ணு. இந்திய மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்தில் இருந்து பிறந்தவை என்பதுதான் அப்போது ஐரோப்பிய அறிஞர்கள் பலரின் எண்ணம். எல்லிஸ் அதை ஏற்கவில்லை.

1816-ல் கேம்ப்பெல் என்ற அதிகாரி எழுதிய தெலுங்கு இலக்கண நூல் வெளிவந்தது. அதற்கு எல்லிஸ் எழுதிய முன்குறிப்பில்தான் அந்த வெடிகுண்டு இருந்தது. முதலில் வேர்ச்சொற்கள், அடுத்து சொற்கள், கடைசியில் வாக்கிய அமைப்பு என மூன்று படிகளில் மொழிகளை ஒப்பிட்டார். பட்டாபிராம சாஸ்திரி திரட்டிய தெலுங்கு வேர்ச்சொற்கள் அதற்குக் கைகொடுத்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம், சமஸ்கிருதம் அவற்றின் தாய் இல்லை, கடன் கொடுத்த மொழி மட்டுமே என்று நிறுவினார். கால்டுவெல்லின் புகழ்பெற்ற ஒப்பிலக்கணம் வந்தது 1856-ல். அதற்கு 40 வருஷம் முன்னாடியே இது நடந்துவிட்டது!

இங்கேதான் ஜப்பானியம் படிப்பவர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதை மட்டும் வைத்து எல்லிஸ் முடிவு கட்டவில்லை. வேர்ச்சொல்லில் இருந்து ஆரம்பித்தார். தமிழும் ஜப்பானியமும் உறவு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ வாதிட்டது உண்மை. ஆனா பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அமைப்பு ஒன்றாக இருப்பது தேர்வில் பாஸ் ஆக உதவும். ரத்த உறவை நிரூபிக்க அது மட்டும் போதாது.

கிணறு வெட்டிய கலெக்டர்

எல்லிஸ் திருக்குறளில் 120 குறள்களை ஆங்கிலமாக்கி விளக்கம் எழுதினார். திருவள்ளுவர் உருவம் பொறித்த தங்கக் காசை வெளியிட்டவர் அவர்தான் என்று ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் எழுதியிருக்கிறார். 1818-ல் மெட்ராஸ் தண்ணீருக்குத் தவித்தபோது 27 கிணறுகள் வெட்டினார். ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றுக் கல்வெட்டில் அந்தச் செய்தி தமிழ்ப் பாட்டாகவே இருக்கிறது, நடுவில் ஒரு குறளோடு!

அதே சமயம், அவர் கம்பெனியின் அதிகாரி என்பதையும் மறக்கக் கூடாது. மொழியைப் படித்தது ஆட்சி நடத்தவும் வரி வாங்கவும்தான். அதே 1818-ல் தன் சிரஸ்தார் சங்கரய்யாவின் துணையோடு மிராசு நில உரிமை பற்றி ஒரு நூல் எழுதினார். அது நிலம் வைத்திருந்தவர்களின் வாதத்துக்கு வலு சேர்த்ததே தவிர, அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கு எதுவும் தரவில்லை என்ற விமர்சனம் உண்டு.

அடுப்புக்குப் போன ஆராய்ச்சி

40 வயது ஆகும்வரை பெரிய நூல் எதையும் வெளியிடுவதில்லை, அதுவரை படிப்பு மட்டும்தான் என்று முடிவெடுத்திருந்தார் எல்லிஸ். 40-ம் வந்தது. ஆனா 1819 மார்ச்சில் ராமநாதபுரத்தில் திடீரென்று இறந்துபோனார். வயது 41 தான். கல்லறை திண்டுக்கல்லில் இருக்கிறது.

இருபது வருஷத்துக்கும் மேலாக எழுதிச் சேர்த்த காகிதங்கள் என்ன ஆயின? மதுரை கலெக்டர் வீட்டுச் சமையலறையில் அடுப்புப் பற்றவைக்கவும், கோழியை வாட்டவும் மாசக்கணக்கில் அவை பயன்பட்டதாகப் பின்னாளில் வால்டர் எலியட் என்ற அதிகாரி பதிவு செய்தார். தப்பித்தது கொஞ்சம்தான். அது இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்திலும் இருக்கிறது.

கல்லூரியும் 1854-ல் மூடப்பட்டது. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடு என்ற பெயர் அதன் மிச்சம். எல்லிஸைப் பற்றி தாமஸ் டிரவுட்மன் 2006-ல் விரிவாக எழுதிய பிறகுதான் அவர் பெயர் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தது. கூடவே பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா போன்றவர்களின் பங்கும் தெரிந்தது.

அன்று தேர்வு எழுதிய பெரும்பாலானவர்கள் பாஸ் ஆகி, சம்பள உயர்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் தப்பே இல்லை. எல்லிஸும் அந்தப் புலவர்களும் அதே இலக்கணப் பாடத்தை வைத்துக்கொண்டு, இந்த மொழிகளுக்குள் என்ன உறவு என்று இன்னொரு கேள்வி கேட்டார்கள். தமிழுக்கு ஒரு குடும்பம் இருப்பதற்கான முதல் சான்று அச்சில் வந்தது அந்தக் கேள்வியால்தான்.