சிவப்புக் காளானுக்குப் பெயரிட்ட குருவானவர்

மழை ஓய்ந்த மாலைப்பொழுதொன்றிற் பேராதனையிலே ஒரு மரத்தடியில் விரல்நுனியளவான செந்நிறக் காளான் ஒன்றைக் கண்டேன். அதன் பெயர் யாதென்று உடன்வந்த தாவரவியல் ஆசிரியரான நண்பரை வினவினேன். நிறத்தை நம்பிக் காளானுக்குப் பெயர் சொல்லுதல் ஆகாதென்று கூறி, அதனைத் தம் ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றார்.

குடையின் அடிப்புறத்து மடலில் ஒரு சிறு துண்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து என்னையும் நோக்கச் செய்தார். கதாயுதம் போன்ற கலங்கள் நெருங்கி நின்றன. அவற்றின் தலையிலே நுண்ணிய காம்புகளில் வித்திகள் அமர்ந்திருந்தன. அவை ஒரே அளவினவல்ல. ஒருசார் வித்திகள் சிறியன. மற்றொரு சாரன அவற்றினும் ஏறக்குறைய இரு மடங்கு நீளமானவை. தாங்கி நின்ற கலங்களும் அவ்வாறே சிறிதும் பெரிதுமாய் இருவகைப்பட்டன. 'கைகுரோசைபே பிர்மா' என்னும் காளானை இனங்காட்டும் தலையாய அடையாளம் அதுவே என்றார் நண்பர். இலங்கையில் எடுத்த மாதிரியைக் கொண்டு 1871 ஆம் ஆண்டில் அதனை முதன்முதல் விவரித்தவர் இருவர். ஒருவர் புறூம், மற்றவர் மைல்ஸ் யோசப் பேர்க்லி. இலங்கை மண்ணை மிதியாமலே இலங்கைக் காளானுக்குப் பெயரிட்ட இந்தப் பேர்க்லி யார் என்று அறியும் ஆவல் அன்று என்னைப் பற்றிக்கொண்டது.

பேர்க்லி 1803 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி இங்கிலாந்தின் நோதாம்ரன் மாகாணத்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கற்றுக் குருத்துவப் பணி பூண்டார். 1833 இல் ஏப்தோப், வுட் நியூற்றன் என்னும் இரு சிற்றூர்களின் பொறுப்பை ஏற்றார். குடும்பமோ பெரிது, வருவாயோ சிறிது. மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லிக் குறையை நிரப்பினார். எஞ்சிய பொழுதெல்லாம் நுணுக்குக்காட்டிக்கே உரியதாயிற்று. 1838 இல், குடைக்காளான்களின் வித்திகள் பைகளுக்குள் அடங்கியிருப்பனவல்ல, கலங்களின் நுனியிற் பெரும்பாலும் நந்நான்காகத் தோன்றுவன என்று விளக்கினார். பிரான்சிலே லெவேயே என்பவரும் அக்காலத்தில் அம்முடிவையே கண்டிருந்தார். டார்வின் தம் கடற்பயணத்திற் சேர்த்த காளான்களும் பேர்க்லியிடமே ஆராய்ச்சிக்கு வந்தன.

1845 இல் ஐரோப்பாவின் உருளைக்கிழங்குப் பயிரை அழுகல் நோய் பற்றியது. அயர்லாந்திற் பட்டினியாலும் பிணியாலும் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மடிந்தனர். ஈரமிகுதியால் அழுகிய கிழங்கிலேதான் பூஞ்சணம் பின்னர் படர்கிறதென்று லின்ட்லி போன்ற பேரறிஞர் கொண்டிருந்தனர். அழுகலுக்குக் காரணமே அப்பூஞ்சணந்தான் என்று 1846 இல் எழுதினார் இந்தக் கிராமத்துக் குருவானவர். அவர் சொல்லைப் பலர் ஏற்றிலர். 1861 இல் ஜேர்மானியரான டி பாரி சோதனையால் மெய்ப்பித்தபோதுதான் அக்கூற்று நிலைபெற்றது.

நம் நாட்டோடு அவரைப் பிணைத்தவர் பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ். அவர் அனுப்பிய உலர்ந்த காளான்களைப் பேர்க்லியும் புறூமும் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தனர். 1869 இல் மற்றொரு பொதி போயிற்று. அதனுள் இருந்தவை கோப்பி இலைகள். அவற்றின் அடியிலே செம்மஞ்சட் பொடி படிந்திருந்தது. மடுல்சீமைப் பகுதியிலே தலைகாட்டியிருந்த புதுநோய் அது. நுணுக்குக்காட்டியில் நோக்கிய பேர்க்லி, வித்தியின் ஒருபுறம் கரடாகவும் மறுபுறம் வழுவழுப்பாகவும் இருக்கக் கண்டார். பாதி வழுவழுப்பானது, பாழாக்குவது என்னும் பொருளமைய 'எமிலியா வாசுத்தாத்திரிச்சு' என்ற பெயர் அதற்கு இடப்பட்டது.

பெயர் பலித்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பியை நம்பித் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய் வந்த நம்மவரின் வாழ்வும் அதனோடு மாறியது. பெயரிட்டதனாற் பயன் என்னவென்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. பெயர் மருந்தன்று, உண்மையே. ஆயினும் பகைவன் இன்னானென்று அறியாதவன் எவனோடு பொருவான்? 1880 இல் இங்கு வந்த மார்சல் வாட், அவ்வித்திகள் பரவி முளைத்து இலையுட் புகுமாற்றை விளக்கியது பேர்க்லி காட்டிய அடையாளத்தின் மேல் நின்றேயாகும்.

ஏறக்குறைய 6,000 காளானினங்களுக்குப் பெயரிட்ட அவர், 1879 இல் தம் வாழ்நாட் சேகரிப்பைக் கியூப் பூங்காவுக்கு ஈந்தார். 1889 யூலை 30 ஆந் திகதி சிபற்றோப்ற் என்னும் சிற்றூரிற் காலமானார்.

பேராதனையிலிருந்து சென்ற அந்தச் சிறு காளான் இன்றும் கியூவில் இருக்கின்றது. பல தேசத்துச் செங்காளான்களை ஒருகாலத்தில் அதன் பெயரிலேயே வழங்கினர். பின்வந்தோர் வித்திகளை அளந்து அவற்றுட் பலவற்றை வேறு பிரித்தனர். உலர்ந்த காளானிலே செம்மை நில்லாது. வித்திகளோ வடிவு மாறாமல் நிற்கும். வெளிநிறத்தில் மயங்காது, நிலைப்பதைத் தேடிப் பொறுமையோடு நோக்கிய ஒரு வாழ்வை அந்த மரத்தடிக் காளான் எனக்குக் காட்டிற்று.