முன்னோக்கித் தாவியவர்

இறுதியாண்டுச் செய்திட்டத்தை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு, என் சி நிரல் லிங்கரிடம் சிக்கிக்கொண்டது. தேடிய பெயர் கிடைக்கவில்லை என்றது. அந்தப் பெயர் நூலகக் கோப்பில் இருப்பதை நான் கண்ணாரப் பார்த்திருந்தேன்! அதிகாலை மூன்று மணிக்கு, கட்டளையில் இரண்டு நூலகங்களை இடம் மாற்றி எழுதினேன். நிரல் ஓடியது. காரணம் தேடப் போய்த்தான் கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தேன்.

அம்மையார் 1906இல் நியூயார்க்கில் பிறந்தார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டம் பெற்றார். 1943இல் அமெரிக்கக் கடற்படையின் சேமப்படையில் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டின் மார்க் ஒன் கணினிக்கு நிரல் எழுத அனுப்பப்பட்டார். கணினிக்குள் சிக்கிய அந்துப்பூச்சியின் கதையால் மட்டுமே பலர் அவரை அறிவர். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

அங்கே, சரியாக ஓடிய சிறு செயற்கூறுகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் பிரதி எடுத்தார்கள். பிரதி எடுப்பதிலும் முகவரிகளைக் கூட்டுவதிலும் பிழைகள் புகுந்தன. 1949இல் பிலடெல்பியாவின் எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்த பிறகு, அந்தச் சலிப்பான வேலையை யூனிவாக் கணினியிடமே ஒப்படைத்தார். செயற்கூறுகள் காந்த நாடாவில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண். எண்களைக் கொடுத்தால் கணினியே அவற்றை எடுத்துக் கோத்து முகவரிகளை நிரப்பும். 1952இல் இயங்கிய இந்த ஏ-0வை அவர் கம்பைலர் என்றார். அது செய்தது பெரும்பாலும் லிங்கரின் வேலை. கணினி நிரல் எழுதும் என்பதைப் பலர் நம்பவே இல்லை.

ஒரே ஓட்டத்தில் வேலையை முடிக்க நினைத்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஏற்கெனவே அடுக்கிய கூறுக்குத் தாவ முகவரி தெரியும். இனிமேல் வரப்போகும் கூறுக்கு? கல்லூரி நாள்களில் ஆடிய கூடைப்பந்து கைகொடுத்தது. அன்றைய பெண்கள் ஆட்ட விதிப்படி பந்தை ஒருமுறைதான் தட்டலாம். ஆகவே தோழியிடம் வீசிவிட்டு, முன்னே ஓடி, திரும்ப வாங்க வேண்டும். அதேபோல நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கி, முதலில் அங்கே தாவச் செய்தார். உரிய கூறு வந்து சேர்ந்ததும், தனக்கு வைத்த அடையாளத்தைக் கண்டு, அந்த மூலையிலிருந்து தன்னிடம் வர வழி எழுதும்.

அவருக்குப் பின்னால் பார்ப்பது எளிது. முன்னால் பார்ப்பதே கடினம். என் லிங்கருக்கோ நேர்மாறு. கிடைக்காத பெயர்களை அது குறித்துவைத்துக்கொண்டு முன்னேறும். ஆனால் ஒரு நிலைநூலகத்தைக் கடக்கும்போது, அந்நேரம் வரை கேட்கப்பட்டவற்றை மட்டுமே எடுக்கும். பின்னால் வரும் நூலகம் எதையாவது கேட்டால், கடந்து வந்ததைத் திரும்பிப் பார்க்காது. கேட்பவர் முன்னும் கொடுப்பவர் பின்னும் நிற்க வேண்டும்; நான் மாற்றி நிறுத்தியிருந்தேன்.

அம்மையார் 1986இல், 79 வயதில், ரியர் அட்மிரலாகக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். 1992ஆம் ஆண்டின் முதல் நாளில் காலமானார்.