சுவரில் தொங்கும் ஓநாய்: லோபோவைக் கொன்ற ஓவியர் சீட்டன் ஏன் மாறினார்?

மஞ்சளேறிய பழைய புத்தகத் தாள். அதில் கறுப்பு மையில் ஒரு ஓநாய். மெல்லிய மரச் சட்டம். இன்டீரியர் டிசைன் பக்கங்களில் இப்படி ஒரு படத்தை நிச்சயம் பார்த்திருப்பீங்க. ஓநாய், நரி, கொயோட்டி என்று வனவிலங்குகளின் விண்டேஜ் ஓவியங்களை ஹாலில் மாட்டுவது இப்போது டிரெண்ட். அந்த வரிசையில் அடிக்கடி வரும் பெயர் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன். அவர் வரைந்த ஓநாய்க்குப் பின்னால் ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கிறது.

யார் இந்த சீட்டன்?

1860-ல் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் பிறந்தவர். ஆறு வயதில் குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா ரொம்பக் கண்டிப்பானவர். சீட்டனுக்கு 21 வயது ஆனதும், பிறந்த நாளிலிருந்து வளர்க்க ஆன மொத்தச் செலவையும் கணக்குப் போட்டு 537.50 டாலருக்கு அப்பா பில் நீட்டினாராம். பிரசவம் பார்த்த டாக்டர் ஃபீஸும் அதில் சேர்த்தி! சுயசரிதையில் சீட்டனே இதைச் சொல்கிறார்.

வீட்டின் இறுக்கத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்து காடுதான். பறவைகளையும் விலங்குகளையும் மணிக்கணக்கில் பார்ப்பார், குறிப்பெடுப்பார், வரைவார்.

பாரிஸில் நடந்தது என்ன?

ஓவியம் படிக்க பாரிஸ் போனார். அங்குள்ள விலங்குக் காட்சிசாலையில் தூங்கிக்கொண்டிருந்த ஓநாயை வரைந்தார். 1891-ல் புகழ்பெற்ற பாரிஸ் சலோன் கண்காட்சி அதை ஏற்றுக்கொண்டது.

அடுத்த ஆண்டு அனுப்பிய படம் வேறு மாதிரி. பனியில் மனிதனின் மண்டை ஓட்டைக் கடிக்கும் ஓநாய்கள். தூரத்தில் புகை வரும் ஒரு வீடு, அதாவது இனி வரவே போகாதவருக்காகக் காத்திருக்கும் குடும்பம். சலோன் நிராகரித்துவிட்டது. பெரிய சர்ச்சைக்குப் பிறகுதான் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்தப் படத்துக்கு இடம் கிடைத்தது.

இவர் படங்களில் விலங்கு பொம்மை மாதிரி இருக்காது. எலும்பு எங்கே, தசை எங்கே, ஓடும்போது எது எப்படி இழுக்கும் என்பது வரை படித்தவர். விலங்குகளின் உடற்கூறு பற்றி ஓவியர்களுக்காகவே 1896-ல் ஒரு புத்தகம் போட்டார்.

லோபோ: ஒரு வேட்டையின் கதை

1893 கடைசியில் சீட்டன் நியூ மெக்சிகோ போனார். வரைய இல்லை, கொல்ல! அங்கே கரம்பா பள்ளத்தாக்கில் மாடுகளை வேட்டையாடிய ஒரு ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் லோபோ. அதன் தலைக்கு 1,000 டாலர் பரிசு.

விஷம் வைத்தார், பலிக்கவில்லை. சீட்டன் எழுதியபடி, லோபோ விஷ இறைச்சித் துண்டுகளை ஒரே இடத்தில் குவித்து, மேலே கழித்துவிட்டுப் போனது. பொறிகளை மோப்பம் பிடித்து விலகியது.

கடைசியில் அவர் கண்டுபிடித்த பலவீனம், பிளாங்கா என்ற வெள்ளை ஓநாய். லோபோவின் துணை. முதலில் பிளாங்கா பொறியில் சிக்கியது. அதைக் கயிறு போட்டு, குதிரைகளை எதிரெதிரே இழுக்கவிட்டுக் கொன்றார்கள். பிறகு பிளாங்காவின் பாதத்தாலேயே பொறிகளைச் சுற்றிப் போலித் தடம் பதித்தார் சீட்டன். துணையைத் தேடி வந்த லோபோ சிக்கியது. நான்கு காலிலும் நான்கு பொறிகள். நாள்: 31 ஜனவரி 1894.

அந்த நிலையில் அதைக் கொல்ல அவருக்கு மனசு வரவில்லை. கட்டிக் கொண்டுவந்து தண்ணீரும் இறைச்சியும் வைத்தார். லோபோ தொடவில்லை. விடிவதற்குள் இறந்துவிட்டது.

அதுக்கப்புறம்?

சீட்டன் மாறினார். லோபோவை வில்லனாக இல்லாமல் நாயகனாக எழுதினார். அந்தக் கதையோடு 200 ஓவியங்கள் சேர்த்து 1898-ல் வந்த புத்தகம் பெரும் வெற்றி. வேட்டையாடியவர்தான் குற்றவாளி என்ற எண்ணம் வாசகர்களிடம் எழுந்தது. அந்தக் கோபத்தில் பாதி சீட்டன் மேலேயே விழுந்தது.

எதிர்ப்பும் வந்தது. விலங்குகளுக்கு மனித உணர்ச்சியை ஏற்றி எழுதுகிறார் என்று 1903-ல் இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் கடுமையாகத் தாக்கினார். சீட்டன் தந்த பதில், வட அமெரிக்க விலங்குகள் பற்றிய நான்கு பெரிய தொகுதிகள். 1927-ல் அவருக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. அதன் பெயர் ஜான் பரோஸ் பதக்கம்!

இதற்கிடையே 1910-ல் அமெரிக்க சாரணர் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவராகி, அதன் முதல் தலைமைச் சாரணரும் ஆனார். கருத்து மோதலால் 1915-ல் விலகினார். 1946-ல் நியூ மெக்சிகோவில் மறைந்தார்.

இன்று ஏன் இது முக்கியம்?

அவரது ஆரம்பகாலப் புத்தகங்களுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால்தான் அந்த ஓநாய்கள் இத்தனை சுவர்களில் தொங்குகின்றன.

நிஜ ஓநாய்களுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்கத் தென்மேற்கில் மனிதர்கள் அவற்றை ஏறக்குறைய துடைத்தே எடுத்துவிட்டார்கள். கூண்டில் வளர்த்த மெக்சிகன் ஓநாய்கள் 1998-ல்தான் அரிசோனா காட்டில் மீண்டும் விடப்பட்டன. லோபோவின் தோல் இன்னும் நியூ மெக்சிகோவில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சீட்டன் தன் கையெழுத்தோடு ஒரு ஓநாயின் பாதத் தடத்தையும் வரைவது வழக்கம். அடுத்த முறை ஒரு விண்டேஜ் ஓநாய் படம் கண்ணில் பட்டால், பக்கத்தில் அந்தத் தடம் இருக்கிறதா என்று பாருங்க. அதே மாதிரி ஒரு தடத்தைப் பதித்துத்தான் அவர் லோபோவைப் பிடித்தார்.